ஓர் இறகுக்கு ஒரு கம்பெனி

எங்கள் கின்லாரோ ஊரில் தபால் பட்டுவாடா செய்யும் ஸ்ட்ரூவன் பெட்ரியை வாரத்தில் ஆறு நாள் எவனும் மதிக்கமாட்டான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் டிரில் ஹாலில் அவர் சார்ஜெண்ட். ரிசர்வ் படை என்றால் அப்படித்தான். பகலில் ரொட்டி சுடுகிறவனும் குழாய் ரிப்பேர் பார்க்கிறவனும் ஏழு மணிக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டு தேசத்தைக் காப்பாற்ற ஆரம்பிப்பார்கள். ஒன்பது மணிக்குள் காப்பாற்றி முடித்துவிட்டு பாருக்குள் நுழைந்துவிடுவார்கள்.

பெட்ரியின் தொப்பியில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நீல இறகு. எங்கள் ரெஜிமெண்ட் ஏதோ ஒரு போரில் ரத்தம் சிந்தி வாங்கிய இறகு என்பார். எந்தப் போர் என்பது அவர் உள்ளே தள்ளிய விஸ்கியைப் பொறுத்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராத்பெர்னிக்காரர்களின் ரெஜிமெண்டுக்குச் சிவப்பு இறகு. அந்த ஊர்க் கசாப்புக் கடையில்கூட அவர் கறி வாங்கமாட்டார்.

போதாத காலம், லண்டனில் யாரோ ஒரு மகானுபாவர் பென்சிலை எடுத்தார். இரண்டு ரெஜிமெண்டும் ஒன்றாகிவிட்டன. இனி எல்லோருக்கும் சிவப்பு இறகுதான் என்று உத்தரவு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. சனிக்கிழமை ஆய்வில் நாற்பது பேர் விதிப்படி உடுத்தி அணிவகுத்தால் கின்லாரோ கம்பெனி என்கிற எங்கள் ஊர்ப் படைப்பிரிவு பிழைக்கும். ஒரு தலை குறைந்தாலும் அது பிளாட்டூன் என்கிற சின்னக் குழுவாகச் சுருங்கும். ஹாலுக்குப் பூட்டு விழும், ஆட்களெல்லாம் ஸ்ட்ராத்பெர்னிக்குப் போகவேண்டியதுதான்.

பெட்ரி மூன்று வாரம் நாயாய் அலைந்தார். தபாலோடு தபாலாக வீட்டுக்கு வீடு கெஞ்சி, ஓடிப்போன ஆறு பேரைத் திரும்பப் பிடித்துவந்தார். தன்னையும் சேர்த்துச் சரியாக நாற்பது. அதை நான் மறுக்கமாட்டேன், அந்தக் கம்பெனியை நிமிர்த்தியவர் அவர்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமை பாரில் வாய் சும்மா இருக்கவில்லை. நாளைக்கு நாற்பது நீல இறகு நிற்கும், லண்டன் வாயடைத்துப் போகும் என்று மேஜையைத் தட்டினார். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அவர் காசில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

சனிக்கிழமை காலை மார்பை நிமிர்த்திக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தார். முப்பத்தொன்பது தொப்பிகளிலும் சிவப்பு. ரொட்டிக்கடை கில்கிறிஸ்ட் முதல் வரிசையிலேயே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆய்வுக்கு வந்த மேஜர் நல்ல மனுஷன். பெட்ரியைத் தனியே அழைத்து மெதுவாகப் பேசினார்.

"விதிப்படி உடுத்தின ஆளைத்தான் எண்ணச் சொல்லியிருக்காங்க, சார்ஜெண்ட். ஸ்டோர்ல சிவப்பு இறகு மீதி இருக்கு. போய் மாத்திட்டு வாங்க, நான் காத்திருக்கேன்."

"இந்தத் தலையில அது ஏறாது சார்."

"நீங்கதான் நாற்பதாவது ஆளு. தெரியுமில்ல?"

தெரியும். அவரே பிடித்துவந்து எண்ணிய ஆட்கள்தானே. இருந்தும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார். மேஜர் ஐந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முப்பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாசக் கடைசியில் ஹாலைப் பூட்டினார்கள். ஊரே வருத்தப்பட்டதாகச் சொல்லிக்கொண்டது. கில்கிறிஸ்டும் மற்றவர்களும் பெட்ரியின் மானத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு, செவ்வாய்க்கிழமைகளில் வீட்டில் கால்பந்து பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். மலை தாண்டிப் போகச் சம்மதித்தவர்கள் பன்னிரண்டு பேர்தான்.

பதின்மூன்றாவது ஆள் பெட்ரி. சார்ஜெண்ட் என்று கூப்பிட ஆளில்லாமல் அவரால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஸ்ட்ராத்பெர்னியில் ஏற்கெனவே ஒரு சார்ஜெண்ட் இருந்தான். இவருக்குப் பின்வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை வாசலில் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தவரை மனைவி இஷ்பெல் ஏற இறங்கப் பார்த்தாள். தொப்பியில் புத்தம் புதுச் சிவப்பு இறகு.

"அன்னிக்கே இதை வெச்சிருந்தா முப்பது மைல் மிச்சமாயிருக்கும்யா," என்றாள்.

சாவி கிடைத்ததும் பெட்ரி காரில் ஏறினார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, பூட்டிய ஹாலைத் தாண்டி மலைப் பக்கம் காரை ஓட்டினார்.