கனகமணி கொடுத்த தாளம்

பாட்டு வகுப்பு நடத்தக் கனகமணிக்குக் கிடைத்தது வாரத்தில் இரண்டு மணி நேரம், ஞாயிறு மதியம். மற்ற ஆறு நாளும் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தொழிற்சாலையில் வேலைக்கு இருந்தார்கள். விடியுமுன் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்தபின் இறக்கிவிடும்.

சங்கரன்கோவிலை விட்டு வெளியே, புளியங்குடி சாலையை ஒட்டிய காலனி. கனகமணி அங்கே ஜாக்கெட் தைத்துப் பிழைத்தவள். மிஷன் பள்ளியில் கற்ற பாட்டும், அப்பா விட்டுப்போன ஆர்மோனியமும் அவளிடம் இருந்தன. 1981இல் பதினோரு பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துத் தொடங்கினாள். இரண்டு மாதமாகியும் தாளம் பிடிபடவில்லை. ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தது மறு வாரம் மறந்துபோயிருக்கும்.

“ஏட்டி ஆவுடை, வீட்டுல ஒருதரம் பாடிப் பார்த்தா என்ன?”

“எப்பக்கா பாட? சாப்பிடும்போதே தூங்கிப்போறேன். தூக்கத்துலயும் மெல்லுதேனாம், எங்கம்மா சிரிக்கா.” ஆவுடையம்மாளுக்குப் பத்து வயது.

அப்படி என்ன வேலை என்று கனகமணி கேட்டாள். மரச்சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். ஆவுடை பாயில் விரலை ஓட்டிக் காட்டினாள். விரல் தட்டிய சத்தம் நான்கு நான்காக விழுந்தது.

“இதுலயே தாளம் இருக்கே மக்கா. அடுக்கிக்கிட்டே பாடுங்க. வாய் சும்மாதான இருக்கு?”

பாடினார்கள். ஒரே மாதத்தில் பதினோரு குரலும் ஒன்றாயின. ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள். கனகமணி அவ்வளவு சிரித்துப் பார்த்ததில்லை என்பாள் பக்கத்து வீட்டு ஆயிஷம்மாள்.

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளை வேலைக்குச் சேர்க்கும் ஏஜென்ட் துரைப்பாண்டி வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பை எலுமிச்சம்பழம்.

“டீச்சரம்மா, என்ன மந்திரம் போட்டீய? பாட ஆரம்பிச்சா பிள்ளைக கை பறக்குது. ஒரு நாளைக்கு இருபது சட்டம் அடுக்கினது இருபத்தாறு அடுக்குது. முதலாளி இனி எல்லாருக்கும் இருபத்தாறுதான்னுட்டாரு.”

“முடியாத பிள்ளைக?”

“மிச்சத்தை ஞாயித்துக்கிழம வந்து முடிக்கட்டும்.” பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பாயில் நான்கு பேர் இருந்தார்கள். அதற்கடுத்த வாரம் யாருமில்லை. திங்கள் விடியுமுன் கனகமணி பஸ் நிற்கும் இடத்துக்கே ஓடினாள்.

“ஆவுடை, அங்கன பாடாதீங்க. யாரும் பாடக் கூடாது. பழையபடி மெதுவா அடுக்குங்க.”

ஆவுடை படியில் ஏறி நின்று திரும்பினாள். “பாடாம இருந்து பார்த்தோம்க்கா. இருபத்தாறு முடிய மாட்டேங்கு.”

பஸ் நகர்ந்தது. அந்த வாரமே ஆர்மோனியம் பரண் ஏறியது.

அதற்குப் பிறகும் ஏழு வருடம் கனகமணி அந்தக் காலனியில் தைத்தாள். தையல் மெஷினை அவள் சீராக மிதித்ததில்லை என்று ஆயிஷம்மாள் சொல்கிறாள். சத்தம் நான்கு நான்காக விழத் தொடங்கினால் காலை எடுத்துவிடுவாளாம். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி மிதிப்பாளாம்.