பால்மா ரின்களில் நின்ற மாதுளைகள்

பிலோமினா ரீச்சர் இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்ன அந்தோனி அண்ணை, அதே மூச்சில் பாடசாலைக் கதிரைகளைத் தரமுடியுமா என்றும் கேட்டார். காலையில் கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டாராம். ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது உயிர் இல்லையாம். அண்ணை எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர். செத்தவீடு என்றால் பொறுப்பு அவருடையது. ஓம் என்றேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். ஏற்கெனவே வந்த கட்டுரைகளைக் காட்டினார்கள். 'அமைதியின் வடிவம்' என்கிறது ஒன்று. 'அதிர்ந்து பேசாதவர்' என்கிறது இன்னொன்று. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் எத்தனை பேரை அவர் படலையடியில் நின்று ஏசியிருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்வது மரியாதை என்று நாம் எப்போது முடிவு செய்தோம்?

தொண்ணூற்றாறுக்குப் பிறகு, போரில் இடம்பெயர்ந்த சனம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தீவுக்குத் திரும்பிவரத் தொடங்கியபோது, எங்கள் பாடசாலையில் அவர் தமிழும் நான் விஞ்ஞானமும் படிப்பித்தோம். கட்டாக்காலி மாடும் ஆடும் வளவுகளை மொட்டையடித்திருந்தன. எங்கள் ஒழுங்கையில் பச்சையாக நின்றது ரீச்சரின் கிணற்றடி மாதுளை ஒன்றுதான். ஒருநாள் அவர் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். அயல் முழுவதும் திட்டியது. எனக்கும் அது பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. அவரோ, வெட்டிய கொப்புகளில் பென்சில் பருமனானவற்றைத் தெரிந்தெடுத்து, வெறுமையான பால்மாத் தகர ரின்களில் மண் நிரப்பி ஊன்றிக்கொண்டிருந்தார். "ஒரு மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுறதுக்கோ ஊருக்கு வந்தனாங்கள்?" என்றார்.

அதன் பிறகு திரும்பிவந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரின் போனது. சும்மா போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை நானே வந்து வெட்டுவேன் என்பது ஒப்பந்தம். அடியில் கிளம்பும் குருத்துகளை ஒருவரும் கிள்ளுவதில்லை, மரம் பற்றையாகிவிடும். ரீச்சர் கத்தியோடு படலையைத் திறப்பார். மண்டைதீவில் ஒரு வீட்டுக்காரி, பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றைக்கு வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். "காய்ச்சல் பிள்ளைக்குத்தானே, மரத்துக்கில்லையே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாராம்.

வளர்பிறையில் ஊன்றினால்தான் வேர் பிடிக்கும் என்பார். நான் நம்பவில்லை. இரண்டு பிறையிலும் ஊன்றிப் பார்ப்போம் என்றேன். இரண்டும் ஒரே அளவில்தான் பிடித்தன. "சரி, சந்திரனுக்கு இனி வேலையில்லை" என்று சிரித்தார். ஆனால் ஊராருக்கு மட்டும் வளர்பிறைக் கதையைத் தொடர்ந்து சொன்னார். ஏன் என்று கேட்டேன். "நாள் ஒண்டு சொன்னாத்தான் அண்டைக்கெண்டாலும் செய்வினம். உம்மைப்போல எல்லாரும் சோதிச்சுக்கொண்டு இருப்பினமோ?"

இரண்டாயிரத்து ஆறில் அல்லைப்பிட்டியில் ஆட்களைக் கொன்ற பிறகு ஒழுங்கை மறுபடி வெறுமையானது. சிலர் வன்னிக்குப் போனார்கள். ரீச்சர் போகவில்லை. அந்த நாட்களில் காவலரணிலிருந்து துவக்கோடு வந்தவர்கள், வேலியோரம் பற்றை எதுவும் நிற்கக்கூடாது, மறுநாள் தாங்களே வந்து துப்புரவாக்குவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே ரீச்சர் வேலியோர மாதுளைகளை எல்லாம் நிலத்தோடு ஒட்ட வெட்டினார். நான் கொப்புகளை இழுத்துப் போட்டேன். அவர் அழவில்லை. "அவங்கள் வெட்டினா வேரோட போகும். நான் வெட்டினா திரும்பி வரும்" என்றார். மறுநாள் வந்தவர்களுக்கு வெட்ட ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த மாரிமழைக்கு அடிக்கட்டைகள் துளிர்த்தன.

இந்த வருடம் போர் முடிந்ததும், முகாம்களில் இருக்கும் தீவுச் சனத்துக்கு அவர் ஆள் விட்டுச் சொன்னார்: வாருங்கள், உங்களுக்கு ஒரு மரம் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் கொப்புகளை ஊன்றி, ரின்களை முற்றத்தில் வரிசையாக வைத்திருந்தார். அதற்குள் போய்விட்டார்.

கதிரைகளோடு நான் போனபோது முற்றம் வெளித்துக் கிடந்தது. பந்தலுக்காக வேலியோர மாதுளைகளை மண்வெட்டி போட்டு வேரோடு பிடுங்கியிருந்தார்கள். ரின்கள் தட்டையாக்கப்பட்டு மதிலடியில் கிடந்தன.

"ஆர் பிடுங்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ரவுணில இருந்து பெரிய ஆக்கள் வருகினம் ரீச்சர். கனடாவில அவவின்ர தம்பியார் வீடியோவில பாக்கப்போறார். பற்றைக்குள்ளயோ பெட்டியை வைக்கிறது?" என்றார் அந்தோனி அண்ணை.

"ரின்னுகள்?"

"அதுகள் பட்ட தடியள்தானே."

இலை விடாத மாதுளைத் தடி பட்ட தடி போலத்தான் இருக்கும். ஆனால் பட்ட தடிக்கு யார் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. துவக்கோடு வந்தவர்கள் செய்ய முடியாததை எங்கள் ஆட்கள் ஒரு காலைப்பொழுதில், மரியாதையின் பெயரால் செய்து முடித்தார்கள். பிறகு அதே முற்றத்தில் ஒலிபெருக்கி வைத்து அவருடைய சேவையைப் பற்றிப் பேசினார்கள்.

போன கிழமை முகாமிலிருந்து வந்த றீற்றா என்ற தாய் என் படலையில் நின்றார். ரீச்சரின் வீடு பூட்டிக் கிடக்கிறது, எங்கே போய்விட்டார் என்று கேட்டார். தனக்கென்று வைத்த மாதுளையை எடுக்க வந்தாராம். மரணத்தை நான் சொன்னேன். மாதுளையைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரை அந்தோனி அண்ணையின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இவ தன்ர மாதுளைக்கு வந்திருக்கிறா, நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

"நான்தான் பிள்ளை பிடுங்குவிச்சனான். பட்ட தடியெண்டு நினைச்சிட்டன்" என்றார் அண்ணை.

"எங்கட வளவில கூரையும் இல்லை அண்ணை. ஒரு மரமெண்டாலும் நிக்கட்டும் எண்டுதான் வந்தனான்" என்றார் றீற்றா.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "இதை மலரில எழுதுங்கோ ரீச்சர். என்ர பேரைப் போட்டு எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். கோபம் குறையவில்லை.

பிலோமினா ரீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது என் குசினிக்குப் பின்னால் நிற்கும் ஒரு மாதுளை. அன்று அது பூத்து நின்றது. றீற்றாவைக் கூட்டிவந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே, பூவும் பிஞ்சுமாக முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். ஊன்றக்கூடிய தடிகளைக் கட்டி அவர் கையில் கொடுத்தேன். மிச்சம் என் முற்றத்தில் ரின்களில் நிற்கிறது. பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. அவற்றில் கை வைக்க வேண்டாம்.