றொகானின் நிறம்

றஜனி தினமும் குருநகரிலிருந்து பஸ் ஏறிச் சுன்னாகம் போய், அங்கே ஒரு ஸ்டூடியோவில் படங்கள் அச்சடிப்பவள். அவளுடைய தம்பி றொகான் பிரான்சுக்குப் போய்ப் பதினொரு வருடமாகிறது. அங்கே தங்குவதற்கான விசா இன்னும் கிடைக்காததால் ஊருக்கு வந்துபோக முடியவில்லை. பங்குனியில் அவன் தன் புதிய படமொன்றை அனுப்பினான். றஜனி அதைப் பெரிதாய் அடித்துத் தாயிடம் கொடுத்தாள்.

லூர்த்தம்மா அதை யன்னலடியில் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்ரை பிள்ளையின்ரை நிறமே? வெளிறிப்போய்க் கிடக்கு. அவன் கடல் வெய்யிலிலை கறுத்தவனல்லோ. உன்ரை மெசின் பிழை, பிள்ளை."

படங்களில் கூறைச்சேலையின் சிவப்பு செம்மஞ்சளாய் விழுகிறதென்று கல்யாணக்காரரும் குறைசொல்லியிருந்தார்கள். றஜனி கொழும்பில் நிறம் அளக்கும் கருவி வைத்திருந்த செபநாயகத்தைக் கேட்டாள். அவர் நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்கள் கொண்ட ஒரு தாளைக் கணினிக்கு அனுப்பினார். அதை அடித்துத் தபாலில் போட்டால், பிரிண்டர் எங்கே பிழைக்கிறதென்று அளந்து, அதற்கேற்ற திருத்தக் கோப்பு செய்து தருவதாகச் சொன்னார். றஜனி அப்படியே செய்தாள். ஆனால் அந்தக் கோப்பு வந்தபின் முகங்கள் செங்கல் நிறமாய் விழுந்தன.

"தங்கச்சி, அடிக்கேக்கை உங்கடை கம்ப்யூட்டர் தானாய் நிறத்தை மாத்தியிருக்கு. கட்டங்களை உள்ளபடியே அடிக்கவேணும்," என்றார் செபநாயகம் போனில்.

"அதை நிப்பாட்டுற இடம் தெரியேல்லை, அண்ணை. எல்லாம் தேடிப் பாத்திட்டன்."

"பழைய கம்ப்யூட்டர் ஏதும் கிடக்கே?"

கடிதம் தட்டச்சிடும் பழைய கணினியொன்று கடையில் இருந்தது. நிறத்தைத் திருத்தும் வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. கொடுத்ததை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பிவிடும். ஞாயிறு பூசை முடிந்ததும் றஜனி கடைக்குப் போய், அதிலிருந்து கட்டங்களை அடித்து, ஒருநாள் காயவிட்டு அனுப்பினாள்.

பத்து நாளில் புதுக் கோப்பு வந்தது. கூறைச்சேலை சிவப்பாகவே விழுந்தது. பிறகு தம்பியின் படத்தை அடித்தாள். தாள் வெளியே வரும்வரை, பழைய கறுப்பு முகந்தான் வரப்போகிறதென்று நம்பிக்கொண்டு நின்றாள். வந்ததும் அதே வெளிறல்தான்.

போனில் அவனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள்.

"நிறம் சரி, அக்கா," என்றான் றொகான். "நான் இப்ப இப்பிடித்தான். விடிய முன்னம் சாப்பாட்டுக்கடைக் குசினிக்குள்ளை சமைக்கப் போனால், இருட்டினாப் பிறகுதான் வெளியிலை வாறன்."

அன்று பின்னேரம் றஜனி படத்தைத் தாயின் மடியில் வைத்தாள்.

"அம்மா, மெசின் சரி. அவன்தான் மாறியிட்டான்."

லூர்த்தம்மா அந்தக் கன்னத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"மாதம் ஒண்டு அனுப்பச் சொல்லு. அவன் வாற நேரம் நான் ஆளைத் தெரியாமல் நிக்கக்கூடாது."

அவன் அனுப்புகிறான். இப்போது சுவரில் ஏழு படங்கள். கடைசிப் படத்தில் காதோரம் ஒரு நரை. றஜனி கவனிக்கவில்லை, தாய்தான் கண்டாள்.