ஆளுக்கு ஒரு கட்டு

நீமா வீட்டு வாசலில் அன்று இருந்தவர்கள்: நீமா. அவள் புருஷன் பராக்கா. பராக்காவின் அம்மா. பள்ளிக்கூட உடுப்பில் மகள் கிரேஸ், மகன் டேவிட். அப்புறம் சைக்கிளில் நான். கேரியரில் தீப்பெட்டி ஒட்டும் அட்டை, பத்துக் கட்டு. மற்றப் பிள்ளைகளும் வரட்டும் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

நான் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டிக்காரன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டான்சானியாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. நம்ம பக்கத்து முதலாளி ஒருவர் இங்கே கிராமத்தில் நடத்துகிற தீப்பெட்டிக் கம்பெனியில் மேஸ்திரி வேலை. பெட்டி ஒட்டும் மிஷின் படுத்துவிட்டது. முதலாளி சிவகாசியிலிருந்து போனில் சொன்னார்: "வீடுகளுக்குக் குடுத்து ஒட்டி வாங்குய்யா. அங்கன வீட்டுக்குப் பத்துப் பிள்ளை கிடக்கும். ஆளுக்கு ஒரு கட்டு. முடியலேன்னா சொல்லு, வேற மேஸ்திரி அனுப்புறேன்." எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எண்ணிக் கட்டி எடுத்துப் போனேன்.

"இம்புட்டுத்தான் பிள்ளைகளா?" என்று தெரிந்த சுவாஹிலியில் கேட்டேன்.

"வத்தோத்தோ வவிலி," என்றாள் நீமா. இரண்டு பிள்ளைகள். போதும் என்று ஆஸ்பத்திரியில் கருத்தடை ஊசி போட்டுக்கொள்கிறாளாம்.

மாமியார் கேரியரைப் பார்த்துச் சிரித்தாள். "நான் எட்டுப் பெத்தேன். நீ அப்பவே வந்திருக்கணும்." எல்லோரும் சிரித்தோம்.

"யார் ஒட்டுறது இதை?" என்றாள் நீமா.

பிள்ளைகளைக் காட்டினேன். "பள்ளிக்கூடம் விட்டு வந்து சும்மாதான இருக்கும்?"

சிரிப்பு நின்றுபோனது.

சின்ன வயசில் எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் ஏழு பேர். கட்டு கொண்டுவரும் தீப்பெட்டிக் கம்பெனி ஏஜென்ட் சைக்கிளை விட்டு இறங்கமாட்டார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "எத்தனை உருப்படி இருக்கும்மா?" என்று அம்மாவிடம் கேட்பார். தலையை எண்ணிக் கட்டைப் போடுவார். கட்டு முடியாத நாளில் பள்ளிக்கூடம் கிடையாது. அப்படி நின்றதுதான் என் படிப்பு. அந்த ஆளை இன்னும் எனக்கு ஆகாது.

குனிந்து பார்த்தேன். என் ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில்.

"உனக்கு எத்தனை பிள்ளை?" நீமா கேட்டாள்.

"ஒண்ணு. மக. நர்ஸா இருக்கா."

"அவ ஒட்டினாளா?"

"இல்ல."

ஒரு கட்டையும் வீட்டுக்குள் விட்டதில்லை நான். புதுப்பட்டியிலும் இப்போது வீட்டுக்கு ஒன்று, இரண்டுதான். கம்பெனி வேனில் வடக்கத்திப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். நம்ம பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பெருமை பேசுகிறோம். அதே நினைப்பு இங்கே ஒரு தாய்க்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் என்னை என்ன சொன்னாலும் சரிதான்.

"சாப்பிட்டுப் போ," என்றாள் நீமா. நிமிர முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "எம்புட்டுய்யா போச்சு?"

"பிள்ளைக இல்லீங்க," என்றேன். இரண்டு இருந்ததைச் சொல்லவில்லை.

கட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். சின்னப் பிள்ளையில் புதுப்பட்டி வீட்டிலும் அங்கேதான் வைப்போம். படுத்தால் அதே அட்டை வாடை. எந்த ஊர் என்று ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. இறங்கிக் கட்டுகளை எண்ணினேன்.

பத்து.