வெர்லினின் இருபத்து நாலு பிட்

வெர்லின் அமெரிக்காவில் எங்கள் டுலூத் நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். அதோடு நின்றிருந்தால் நல்ல மனுஷன். எங்கள் லூத்தரன் சபையின் ஒலிப்பதிவுக்கும் அவன்தான் தானாக முடிசூட்டிக்கொண்ட ராஜா. இருபத்து நாலு பிட் ஒலிப்பதிவுக் கருவி வாங்கியதிலிருந்து தலைகால் புரியவில்லை. பிட் என்பது ஒலியை எத்தனை நுணுக்கமாகப் பதிகிறது என்கிற கணக்காம். ஆராதனை முடிந்து காபி குடிக்க உட்கார்ந்தால், பக்கத்தில் வந்து பழைய பதினாறு பிட்டைத் திட்ட ஆரம்பித்துவிடுவான். அவன் மனைவி அந்த நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போய்விடுவாள்.

என் தங்கை ஆர்டிஸுக்குத் தொண்டையில் கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிறு ஆராதனையில் அவள் பாடுவதுதான் கடைசி. அதைப் பதிந்து கொடுக்க வெர்லின் வந்தான்.

ஒத்திகையில் ஆர்டிஸ் மெல்லத்தான் பாடினாள். கருவியில் சத்தத்தின் அளவு காட்டும் மீட்டர் பாதிகூட ஏறவில்லை. வெர்லினுக்குப் பொறுக்கவில்லை, பதிவின் அளவைக் கூட்டக் குமிழைத் திருகினான்.

"ஏம்ப்பா, அவ உச்சத்துக்குப் போனா என்ன ஆகும்?" என்றேன்.

"அக்கா, இருபத்து நாலு பிட் இருக்கு. பாதிய சும்மா விடச் சொல்றீங்களா? எவ்ளோ சத்தம்னாலும் தாங்கும்."

தாங்குமாம், மண்ணாங்கட்டி! பிட் கூடினால் இடம் கிடைப்பது அடியில்தான். மெல்லிய சத்தம் இரைச்சலில் மூழ்காது, அவ்வளவே. மேலே கூரை அதே உயரம், சத்தம் அதில் முட்டினால் பதிவு உடையும். மெதுவாகப் பதிந்து, பிறகு நிதானமாகக் கூட்டிக்கொள்ளத்தான் அத்தனை பிட். இதெல்லாம் நான் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டது.

ஞாயிறன்று பாட்டின் கடைசி அடியில் ஆர்டிஸ் குரலை முழுக்கத் திறந்தாள். எங்கள் சபையில் கைக்குட்டை வெளியே வருவது அபூர்வம். அன்று வந்தது. கருவியில் சத்தம் மிஞ்சினால் எரியும் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தது. வெர்லின் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு திரும்பியதும் வெர்லின் பதிவைக் கொண்டுவந்து போட்டான். கழுத்தில் கட்டோடு ஆர்டிஸ் கேட்டாள். ஆரம்பம் அமிர்தம். உச்சம் வந்ததும் தகரத்தைக் கிழிப்பதுபோல் கரகரவென்று ஒரே சத்தம். அதில் அவள் குரலே இல்லை.

"இத சரி பண்ண முடியாதா?" என்றேன்.

"முடியாதுக்கா. போனது போனதுதான்." அவன் முகம் வெளுத்துவிட்டது. அப்போதாவது வாயை மூடினானா? "ஆனா அந்த மெல்லிசான இடத்தக் கேட்டீங்களா, துளி இரைச்சல் இல்ல! விடு ஆர்டிஸ், அடுத்த ஞாயிறு இன்னொரு தடவ பாடிடு, நான் கொறச்சு வச்சு..."

பாதியில் நின்றுவிட்டான். ஆர்டிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவதற்குக்கூட அவளுக்குக் குரல் இல்லை.

எனக்கு இருந்தது. அவளுக்கும் சேர்த்துத் திட்டினேன்.