மண்ணும் சூடேறும்

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வு உதவியாளராக இருந்தேன். எங்கள் அறையில் இரண்டு மேசைகள். ஒன்று என்னுடையது. மற்றது வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து படித்து வந்த ஒருவருடையது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஊர்ப் பேச்சுதான் வரும். அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

அவருடைய அக்கா, கணவரை இழந்தவர். ஒரகடம் போகும் சாலையோரம் கோழிப்பண்ணை வைத்திருந்தார். ஒவ்வொரு கோடையிலும் வெயில் தாங்காமல் கோழிகள் செத்தன. ஆளுயர ஆழத்தில் மண் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கிறது. அங்கே குழாயைப் புதைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டு, குளிர்ந்து வரும் தண்ணீரைக் கொட்டகைக்குள் ஒரு பழைய லாரி ரேடியேட்டர் வழியே அனுப்பி, பின்னால் மின்விசிறி வைத்தால் என்ன? யோசனை அவருடையது. பேராசிரியருக்கும் பிடித்துப்போயிற்று. எவ்வளவு நீளக் குழாய் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்வது எங்கள் வேலை.

குழாய்க்குள் ஓடும் தண்ணீர் என் பங்கு. அது அடிக்கு அடி எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று என் புரோகிராம் சொல்லும். குழாயைச் சுற்றிய மண் அவர் பங்கு. அந்தச் சூடு மண்ணுக்குள் நாளுக்கு நாள் எப்படிப் பரவுகிறது என்று அவருடையது சொல்லும். எனக்குக் குழாய்ச் சுவரின் சூடு தெரிய வேண்டும். அது அவரிடமிருந்து வர வேண்டும். அவருக்குத் தண்ணீர் விடும் சூடு தெரிய வேண்டும், அது என்னிடமிருந்து. உத்தேசமாக ஒன்றை வைத்துத் தொடங்கி, இரண்டும் ஒத்துப்போகும்வரை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

ஒத்துப்போகவே இல்லை. புரோகிராமை வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டு, அந்த அட்டைக் கட்டுகளைக் கம்ப்யூட்டர் மையத்து ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள்தான் விடை கிடைக்கும். விடைகள் மேலும் கீழும் துள்ளின. ஒருமுறை தண்ணீர் எண்ணூறு டிகிரி என்று அச்சாகி வந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா கோழிய அப்டியே பிரியாணி பண்ணிடலாம்ங்க."

தை மாதம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. விடுப்பில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். கண்ணெல்லாம் மஞ்சள். கட்டிலில் படுத்தபடி அட்டைகளைப் பற்றித்தான் கேட்டார்.

"இன்னும் துள்ளிக்கினுதான் கீதா?"

"ஆமாம்."

"புதுசா வர்ற நம்பர முழுசா எடுத்துக்காதீங்க. பழசுக்கும் அதுக்கும் நடுவுல பாதி தூரம் மட்டும் போங்க. அடங்கிடும்னு தோணுது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "மண்ண மட்டும் வுட்றாதீங்க. மண்ணும் சூடேறும். தண்ணி விடுற சூடு அங்கியே தங்கிடும்."

திங்கட்கிழமை பேராசிரியர் அறிக்கை கேட்டார். கோடைக்குள் குழாய் போட்டாக வேண்டும். இரண்டு புரோகிராமும் சேரவில்லை என்றேன்.

"பூமி எவ்வளவு பெரிசு! ஒரு குழாய் அதை என்ன பண்ணிடும்? மண்ணோட சூடு மாறாதுன்னு வெச்சுக்க. முடிச்சுடு."

கட்டிலில் படுத்தபடி நண்பர் சொன்ன வழியை முயன்று பார்க்க ஒரு வாரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மண் இருபத்தெட்டு டிகிரி, என்றைக்கும் இருபத்தெட்டு என்று ஒரு அட்டையில் துளைத்தேன். அழகான விடை வந்தது.

பங்குனியில் பள்ளம் தோண்டிக் குழாயைப் புதைத்தார்கள். சித்திரை பிறந்ததும் பம்பை ஓடவிட்டோம். இரண்டு வாரம் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களையெல்லாம் கொட்டகைக்குள் இழுத்துப் போய்க் காட்டினார். "ஏசி வெச்ச மாரி கீது பாரு!" என்னையும் கையைப் பிடித்து ரேடியேட்டர் முன்னால் நிறுத்தினார். நான் பெருமைப்பட்டேன், பொய் சொல்வானேன்.

மூன்றாம் வாரம் கத்திரி வெயில் தொடங்கியது. குழாயிலிருந்து திரும்பிவரும் தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று. தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கோழிகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அவர் கொட்டகைக்கூரைமேல் இருந்தார். எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மனிதர், நனைத்த சாக்குகளைக் கூரை முழுக்க விரித்துக்கொண்டிருந்தார். கீழே அக்கா குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தபடி, "எறங்குடா, எறங்கித் தொலடா" என்று கத்திக்கொண்டிருந்தார். நானும் குடம் தூக்கினேன். சாயங்காலத்துக்குள் பாதிக்குமேல் செத்துப்போயின.

இறங்கி வந்தவர், குழாய்த் தண்ணீர் வந்து விழும் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தார். கையை உதறிவிட்டுச் செத்த கோழிகளை அள்ளப் போனார். என்னைத் திட்டியிருக்கலாம்.

அதன்பின் அவர் உடம்பு தேறவே இல்லை. வயிற்றில் நீர் கோத்தது. ஐப்பசி மழையில் போய்விட்டார். ஈரல் முன்பே கெட்டிருந்தது, அந்த ஒரு நாளால் வந்ததல்ல என்றார் டாக்டர். எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

காரியம் முடிந்து அறைக்கு வந்ததும் அவர் மேசையிலிருந்த அட்டைக் கட்டை எடுத்தேன். ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தார். அவர் சொன்னபடி பாதி தூரம் மட்டும் போகும்படி ஒரே ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் விடை வந்தது. துள்ளல் இல்லை. குழாயைச் சுற்றிய மண் நாளுக்கு நாள் சூடேறி, மூன்றாம் வாரத்தில் தண்ணீரின் குளிர்ச்சி போய்விடுகிறது. நடந்தது அப்படியே தாளில் இருந்தது.

அந்தத் தாளோடு அக்காவிடம் போனேன். காலிக் கொட்டகையில் வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். சூடு ஏறுவதைக் காட்டும் கோட்டில் விரலை வைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இது மொதல்லியே தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்க்கா. அவர் சொன்னாரு. நான்தான் செய்யல."

தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதுல அவன் எழுதனது எது?"

இரண்டையும் சேர்த்து ஓட்டினால்தான் அந்தக் கோடு வரும், பிரித்துக் காட்ட முடியாது என்றேன். தலையாட்டினார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பஸ் நிறுத்தம்வரை குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். பஸ் வரும்போது, "அடுத்த மொற வந்தா வூட்ல சாப்ட்டுதான் போவணும், இன்னா?" என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.