மைக் அணைக்க மறந்த அக்கா

முதல் பருவம் முழுக்க அந்த இணைய வகுப்பில் நான் சொன்னது "ஐ அக்ரி" மட்டும்தான். விவாதப் பக்கத்தில் யாராவது நீளமாக எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே அதைத் தட்டிவிட்டு போனை மூடிவிடுவேன். எழுதியிருந்ததைப் படித்தேனா என்றால், பாதி நாள் இல்லை.

கம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வீடு பழனிசெட்டிபட்டியில். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். பகலெல்லாம் நின்றபடியே ரத்தம் எடுத்துவிட்டு, சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வகுப்பு கேட்பேன். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை. முடித்தால் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும் என்பதுதான் ஆசை. அதற்கு மேல் பெரிய லட்சியம் எதுவும் இல்லை. உத்தமபாளையம் தாண்டியதும் சிக்னல் போய்விடும், சின்னமனூரில் திரும்ப வரும். இடையில் பேராசிரியை நடத்தியது எதுவும் எனக்குத் தெரியாது.

அவர் சென்னையிலிருந்து பேசுவார். "பட்டத்தை எப்படியும் வாங்கிடுவீங்க. கூடப் படிக்கிறவங்களைத் தெரிஞ்சுக்காமலே போயிடாதீங்க. பேசுங்க, எழுதுங்க, நாளைக்கு அவங்கதான் உதவுவாங்க" என்று அடிக்கடி சொல்வார். இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் மலைக்குக் கொண்டுபோய் விடுகிறவர்.

"நீ இங்கன வீட்லயே வாயத் தெறக்க மாட்டேங்குற. அங்கன போயி யார்ட்ட பேசப் போற?" என்றார்.

கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

இரண்டாம் பருவத்தில் நான்கு பேராகச் சேர்ந்து ஓர் ஆய்வு செய்யச் சொன்னார்கள். என் குழுவில் இருந்த ஒரு பெண்மணி ஆங்கிலம் பேசினால் தண்ணீர் மாதிரி ஓடும். கேமராவைப் போடவே மாட்டார். ஏதோ பெரிய நகரத்தில், ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு முற்பகல். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். திடீரென்று எல்லார் காதிலும் அந்தக் குரல் விழுந்தது.

"ஏலே! ஆட்ட அவுத்து விட்டது யாரு? வெண்டச் செடியப் பூராம் மேஞ்சிருச்சு பாரு!"

உரையாடல் பெட்டியில் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. "கிராமத்திலிருந்து நேரலை" என்று ஒருவர் எழுதினார். பேராசிரியை மைக்கை அணைக்கச் சொன்னார். அந்தப் பெண்மணி வகுப்பை விட்டே வெளியேறிவிட்டார். அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் வரவில்லை. வாட்ஸப் குழுவில் மற்ற இருவரும், "அவங்க பேரை எடுத்துடலாமா?" என்று என்னைக் கேட்டார்கள். நான் "ஐ அக்ரி" போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

"இருங்க, நான் பேசிப் பாக்குறேன்" என்று எழுதினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தனியாக அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "மேடம், அன்னைக்கு நீங்க பேசுனது எங்க ஊர்ப் பேச்சு. நான் தேனிக்குப் பக்கத்துல பழனிசெட்டிபட்டி. நீங்க எந்த ஊரு?"

மறுநாள் மதியம் சாப்பிடும்போது அவரே கூப்பிட்டார்.

"கெங்குவார்பட்டிதேன். இம்புட்டுப் பக்கத்துலயா இருக்க? ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்களும் சொல்லலியேக்கா."

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாக, பாத்தேல்ல?"

"நான் சிரிக்கலக்கா."

"தெரியும். நீதேன் எதுக்குமே ஒண்ணும் செய்ய மாட்டியே" என்று சொல்லி அவரே சிரித்தார்.

அக்கா பெரியகுளத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வருஷக்கணக்காக வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கெட்டுவிட்டது. பேச்சைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பேசாமல் செய்கிற வேலை தேடித்தான் அவரும் இந்தப் படிப்புக்கு வந்திருந்தார். நான் நிற்காமல் இருக்க, அவர் பேசாமல் இருக்க. இதைச் சொன்னபோது இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்வோம். ஜீப்பில் மலைக்குப் போகும் பெண்கள் சிலர் எங்கள் கூடத்துக்கு வருவதையும், அவர்களில் பலருக்கு ரத்தம் குறைவாக இருப்பதையும் ஒருநாள் புலம்பலாகச் சொன்னேன்.

"இதத்தேன் ஆய்வாப் பண்ணணும். அவுகளப் பத்தி நீதேன் பேசணும், எனக்குத் தொண்ட தாங்காது" என்றார் அக்கா.

மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்களிடம் என்னை அழைத்துப் போனார். காலையில் சாப்பிட்டுவிட்டு ஏறுகிறீர்களா என்று கேட்டதற்கு, "சோறாக்குற நேரத்துல ஜீப்பு வந்துருது தாயி" என்றார் ஒருவர். வீட்டுக்காரர் ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் கேமராவைப் போட்டுக்கொண்டு பேசினேன். ஆங்கிலம் பாதியில் நின்றது, மீதியைத் தமிழில் முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மதிப்பெண் சுமார்தான். ஆனால் கோயம்புத்தூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கும் வகுப்புத் தோழர் ஒருவர் எழுதி, அவர்கள் அலுவலகத்தில் ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார். நேர்காணலுக்கு இணையத்தில் உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. அடுத்து வந்தால் சொல்கிறோம் என்றார்கள். அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. இன்னமும் கம்பத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறேன், கடைசிப் பருவம் ஓடுகிறது.

அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. இந்தப் பருவத்தை அவர் விட்டுவிட்டார், அடுத்ததில் சேர்ந்துகொள்வார். லீவு போட்டு கெங்குவார்பட்டிக்குப் பார்க்கப் போனேன். பேசக்கூடாது என்பதால் போனில் தட்டித் தட்டிக் காட்டினார். 'பாடமெல்லாம் எடுத்து வையி' என்றார். 'ஏன் இப்படி இளைச்சுப் போன?' என்றார். வாயால் பதில் சொன்னேன். பிறகு மின்விசிறிக் காற்றில் அப்படியே பாயில் சாய்ந்தேன்.

விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. யாரோ தலைக்குத் தலையணை வைத்திருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல், இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.